ஸ்விட்சில் போர்ட் கண்காணிப்பு அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்துப் பின்னலாடை நிறுவனங்களிலும் நூற்பாலைகளிலும் பவுண்டரிகளிலும் நெட்வொர்க் பொறுப்பைத் தனியாளாகச் சுமக்கும் ஊழியர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கட்டளைகளும் ஃபில்டர்களும் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

போர்ட் கண்காணிப்பு என்று சொல்லும்போது எதைக் குறிக்கிறோம்?

இரண்டு வெவ்வேறு வேலைகளை இந்த ஒரே பெயரால் அழைக்கிறார்கள். முதலாவது, ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் போனது, எத்தனை பிழை வந்தது, இணைப்பு எப்போது அறுந்தது என்று எண்ணிக்கைகளை மட்டும் திரட்டுவது. இரண்டாவது, ஒரு போர்ட்டில் ஓடும் ஒவ்வொரு ஃபிரேமையும் (பாக்கெட்டைச் சுமக்கும் தரவுத் துண்டையும்) நகலெடுத்து வேறொரு போர்ட்டுக்கு அனுப்பி, அங்கே ஒரு கணினியை வைத்து உள்ளே இருப்பதைப் படிப்பது. இரண்டாவதற்குப் பொதுப்பெயர் போர்ட் மிர்ரரிங். சிஸ்கோ அதை ஸ்பான் என்றும், ஜூனிப்பர் அனலைசர் என்றும் அழைக்கின்றன. கம்பெனி கேட்டைத் தாண்டும் சரக்குக்கு டெலிவரி சலானின் கார்பன் நகல் அலுவலகத்தில் தங்குவதைப் போல, அசல் தன் வழியே போய்விடும், நகல் மட்டும் நம்மிடம் வரும்.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் மிர்ரரிங் தேவையா?

தேவையில்லை. எந்த போர்ட் எந்த நேரத்தில் நிரம்புகிறது என்பது மட்டுமே கேள்வி என்றால், ஸ்விட்சின் கணக்கைத் தொலைவிலிருந்து கேட்டுப் பெற உதவும் எஸ்.என்.எம்.பி.யை அதில் இயக்கிவிட்டு, லிப்ரே என்.எம்.எஸ். அல்லது ஜாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருளை ஒரு பழைய கணினியில் நிறுவி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கை எடுத்தால் போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பழைய 32 பிட் கவுன்ட்டர், முழு வேகத்தில் ஓடும் கிகாபிட் போர்ட்டில் ஏறத்தாழ 34 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும் என்பதால், 64 பிட் கவுன்ட்டரைத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வரைபடம் அழகாக இருக்கும், ஆனால் எண் பொய்யாக இருக்கும். ‘பப்ளிக்’ என்ற இயல்பான கம்யூனிட்டி பெயரை (இது கடவுச்சொல் போன்றது) அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஸ்விட்ச் அனுமதித்தால் எஸ்.என்.எம்.பி.யின் மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துவது நல்லது.

மிர்ரரிங் கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த எண்ணிக்கைதான் என்பது என் எண்ணம். எண்ணிக்கையைப் பார்த்து எந்த போர்ட் என்று தெரிந்துகொண்ட பிறகு அந்த போர்ட்டில் மிர்ரரிங் வைப்பதுதான் சரியான வரிசை.

லேப்டாப்பை ஸ்விட்சில் செருகி வயர்ஷார்க்கை (பாக்கெட்டுகளைப் பதிந்து படித்துக் காட்டும் மென்பொருளை) ஓட்டினால் எல்லாம் தெரியாதா?

தெரியாது. முன்பு ஹப் இருந்த காலத்தில் ஒரு போர்ட்டில் வந்தது எல்லா போர்ட்டுக்கும் போனது. ஸ்விட்ச் அப்படிச் செய்வதில்லை. எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. ஆகவே உங்கள் லேப்டாப்புக்கு வருவது எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட்டும் ஒரு குழுவுக்குப் போகும் சில மல்ட்டிகாஸ்ட்டும் உங்கள் சொந்தப் போக்குவரத்தும் மட்டுமே. வயர்ஷார்க்கில் புரோமிஸ்குவஸ் என்ற அமைப்பை இயக்கினாலும், கேபிளில் வராத ஒன்றை அது காட்ட முடியாது.

எங்கள் ஸ்விட்சில் இந்த வசதி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐ.பி. முகவரியே இல்லாத, பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியவுடன் வேலை செய்யும் சாதாரண ஸ்விட்சில் இருக்காது. பிரவுசரில் திறந்து அமைப்பை மாற்றக்கூடிய ஸ்விட்ச் என்றால் பெரும்பாலும் இருக்கும். டிபி-லிங்க்கின் ஈசி ஸ்மார்ட் வரிசை போன்ற விலை குறைந்த எட்டு போர்ட் ஸ்விட்சுகளிலும் போர்ட் மிர்ரர் என்ற பக்கம் உண்டு. மைக்ரோடிக் பயன்படுத்துபவர்கள் ஸ்விட்ச் மெனுவில் மிர்ரர்-சோர்ஸ், மிர்ரர்-டார்கெட் என்ற இரண்டு இடங்களைப் பார்க்கலாம். இரண்டு போர்ட்டும் ஒரே ஸ்விட்ச் சிப்பில் இருக்க வேண்டும்.

உற்பத்திப் பகுதியின் மூலையில் சாதாரண ஸ்விட்ச்தான் இருக்கிறது என்றால், அதிலிருந்து அலுவலக ரேக்குக்கு வரும் கேபிளின் நடுவே இந்த எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றைத் தற்காலிகமாக நுழைத்து மிர்ரர் செய்யலாம். பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பது வீண்செலவு ஆகாது.

எந்த போர்ட்டை மூலமாக, அதாவது நகலெடுக்கும் போர்ட்டாக, எடுக்க வேண்டும்?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். “ஏனுங்க, நெட்டு இப்படி இழுக்குதுங்களே” என்று முதலாளி கேட்டவுடன் கை தானாக இன்டர்நெட் லைன் இருக்கும் போர்ட்டுக்குப் போகும். ஆனால் அவர் நெட்டு என்று சொல்வது, சர்வர் அறையில் உள்ள கணக்கு மென்பொருள் திறக்கத் தாமதமாவதாகவும் இருக்கலாம்; அந்தப் போக்குவரத்து இன்டர்நெட் போர்ட்டைத் தொடுவதே இல்லை. ஆகவே முதலில் எந்தக் கணினியிலிருந்து எந்த வேலையைச் செய்யும்போது தாமதம் வருகிறது என்று கேட்டு, அந்தப் பாதையைத் தாளில் வரைந்து, பாதையில் குறுகலாக எல்லாம் சேரும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு கணினியில் மட்டும் குறை என்றால் அந்தக் கணினியின் போர்ட். எல்லோருக்கும் ஒரே மென்பொருளில் குறை என்றால் சர்வரின் போர்ட். எல்லோருக்கும் வெளி இணையத்தில் குறை என்றால் ஃபயர்வாலுக்குச் செல்லும் உள்பக்க போர்ட். இந்த உள்பக்கம் என்ற சொல் முக்கியமானது. வெளிப்பக்கத்தில் எடுத்தால், முகவரி மாற்றம் நடந்துவிட்ட பிறகு எல்லாக் கணினிகளும் ஒரே பொது முகவரியாகத்தான் தெரியும். யார் இழுக்கிறார் என்பது தெரியாது.

இருபத்து நான்கு போர்ட்டையும் மொத்தமாக மூலமாக்கிவிடும் ஆசையும் பலருக்கு வருகிறது. அப்படிச் செய்தால் ஒரே பாக்கெட் ஒரு போர்ட்டில் நுழையும்போது ஒருமுறையும் மற்றொரு போர்ட்டில் வெளியேறும்போது ஒருமுறையுமாக இரண்டு நகல் வரக்கூடும். வயர்ஷார்க் அதை மறு அனுப்புதல் என்று கறுப்புப் பட்டையில் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து தேடி ஒரு பகல் போய்விடும்.

சிஸ்கோ கேட்டலிஸ்டில் கட்டளைகள் என்ன?

கன்ஃபிகர் டெர்மினல் நிலைக்குச் சென்று இரண்டு வரிகள் எழுதினால் போதும். 24ஆம் போர்ட்டைப் பார்த்து, நகலை 23ஆம் போர்ட்டுக்கு அனுப்புவதாகக் கொள்வோம்.

மானிட்டர் செஷன் 1 சோர்ஸ் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/24 போத்
மானிட்டர் செஷன் 1 டெஸ்டினேஷன் இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 1/0/23

இரண்டு வரியிலும் செஷன் எண் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதுவதற்கு முன்பே ‘ஷோ மானிட்டர்’ கொடுத்துப் பழைய செஷன் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற செஷனோடு உங்கள் மூல போர்ட்டும் சேர்ந்துகொள்ளும். எழுதிய பிறகு ‘ஷோ மானிட்டர் செஷன் 1’ கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். நீக்குவதற்கு ‘நோ மானிட்டர் செஷன் 1’. ஒரே நேரத்தில் எத்தனை செஷன் வைக்கலாம் என்பது மாடலைப் பொறுத்தது. சிறிய ஸ்விட்சுகளில் ஒன்றோ இரண்டோதான்.

ஆர்.எக்ஸ்., டி.எக்ஸ். என்பவற்றில் எது எது?

ஸ்விட்சின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆர்.எக்ஸ். என்பது அந்த போர்ட் வழியாக ஸ்விட்சுக்குள் வருவது, அதாவது அங்கே செருகப்பட்ட கணினி அனுப்புவது. டி.எக்ஸ். என்பது ஸ்விட்ச் அந்தக் கணினிக்கு அனுப்புவது. கணினியின் பதிவிறக்கத்தைப் பார்க்க நினைத்து ஆர்.எக்ஸ். வைத்தால் கோரிக்கைகள் மட்டுமே கிடைக்கும், பதில்கள் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் போத் என்றே வைக்கலாம்.

நகல் வரும் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகியதும் அதற்கு நெட் போய்விட்டது. கோளாறா?

கோளாறு இல்லை. இலக்கு போர்ட் வழக்கமான போக்குவரத்திலிருந்து விலக்கப்படுகிறது. சிஸ்கோவில் அந்த போர்ட்டின் நிலை ‘லைன் புரோட்டோகால் ஈஸ் டவுன், மானிட்டரிங்’ என்றே எழுதிக் காட்டும். லேப்டாப் அனுப்புவதை ஸ்விட்ச் ஏற்காது. ஆகவே வை-ஃபை அல்லது இரண்டாவது நெட்வொர்க் கார்டு வழியாக லேப்டாப்பை வழக்கமான வேலைக்கு வைத்துக்கொண்டு, நகல் வரும் கார்டில் ஐ.பி. முகவரி உள்ளிட்ட எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது சுத்தமான ஏற்பாடு.

வேலை முடிந்ததும் செஷனை நீக்க மறந்துவிட்டால், சில மாதம் கழித்து யாராவது அதே போர்ட்டில் புதிய கணினியைச் செருகி, கேபிளை மாற்றி, கிரிம்ப் செய்து, கார்டை மாற்றி, கடைசியில் ஸ்விட்சே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார். இலக்கு போர்ட்டின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டித் தேதியும் எழுதிவிடுங்கள்.

நகல் எல்லாம் முழுமையாக வந்து சேருமா?

எப்போதும் சேராது. கிகாபிட் போர்ட் ஒரே நேரத்தில் உள்ளே ஒரு கிகாபிட்டும் வெளியே ஒரு கிகாபிட்டும் கடத்தக்கூடியது. இரண்டு திசையையும் நகலெடுத்தால் உச்சத்தில் இரண்டு கிகாபிட். இலக்கு போர்ட் வெளியே தள்ளக்கூடியது ஒரு கிகாபிட் மட்டுமே. மிஞ்சியவை சத்தமில்லாமல் கைவிடப்படும். அசல் போக்குவரத்துக்குப் பொதுவாகப் பாதிப்பு வராது. ஆனால் வயர்ஷார்க்கில் ஓட்டை தெரியும், அந்த ஓட்டை நெட்வொர்க்கில் ஏற்பட்டதா நகலில் ஏற்பட்டதா என்ற குழப்பமும் வரும். நகலில் ஒரு பாக்கெட் காணவில்லை, ஆனால் அதற்கான ஒப்புகை மறுமுனையிலிருந்து வந்திருக்கிறது என்றால், பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கிறது, நகல்தான் தொலைந்திருக்கிறது.

லேப்டாப் பக்கத்திலும் இழப்பு நேரும். யு.எஸ்.பி. 2.0 வகை நெட்வொர்க் அடாப்டருக்கு ஏட்டளவிலேயே 480 மெகாபிட்தான் எல்லை. நகலில் ஒரு பாக்கெட்டும் விடக் கூடாது என்ற தேவை இருந்தால், மிர்ரரிங்கை விட்டுவிட்டு, கேபிளின் நடுவே வைக்கும் டேப் என்ற தனிக் கருவிக்குப் போக வேண்டும்.

எவ்வளவு நேரம் பதிவு செய்யலாம்? டிஸ்க் நிரம்பிவிடாதா?

சராசரியாக 100 மெகாபிட் ஓடும் போர்ட் விநாடிக்கு 12.5 மெகாபைட் தரும். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். ஆகவே வயர்ஷார்க் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு நாள் முழுவதும் பதிவு செய்வது நடக்காத வேலை. அதனுடன் வரும் டம்ப்கேப் என்ற சிறு நிரலையோ டிசிபி டம்ப்பையோ ஓட்டி, 100 மெகாபைட் அளவில் 50 கோப்புகள், நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுது என்று சுழற்சி முறையில் அமைத்தால் 5 ஜிகாபைட்டுக்கு மேல் போகாது. குறை ஏற்பட்ட உடனே பதிவை நிறுத்தினால் கடைசிச் சில நிமிடங்கள் கையில் இருக்கும். ஸ்விட்ச், சர்வர், லேப்டாப் மூன்றிலும் கடிகாரம் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்கு நின்றது என்று ஊழியர் சொல்வதைக் கோப்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பதிவு கிடைத்துவிட்டது. எதைப் பார்ப்பது?

கேள்வி எதுவோ அதை மட்டும். இந்த வட்டாரத்தில் அடிக்கடி எதிர்ப்படும் இரண்டு வகைகளைச் சற்று விரிவாகச் சொல்லலாம்.

ஒன்று, பேக்கிங் பகுதியில் சில கணினிகளுக்குத் திடீரென்று பிரிண்டரும் சர்வரும் கிடைக்காமல் போவது. அந்தக் கணினிகளில் முகவரியைப் பார்த்தால், அலுவலகம் 10.10 என்று தொடங்கும்போது இவற்றில் 192.168.0 என்று இருக்கும். பாதிக்கப்பட்ட ஒரு கணினியின் போர்ட்டை மிர்ரர் செய்து, வயர்ஷார்க்கில் டி.எச்.சி.பி. (கணினிகளுக்குத் தானாக ஐ.பி. முகவரி வழங்கும் முறை) என்று ஃபில்டர் எழுதி, கணினியில் முகவரியைப் புதுப்பிக்கச் சொன்னால், டிஸ்கவர் என்ற ஒரு கேள்விக்கு ஆஃபர் என்ற பதில் இரண்டு வருவது கண்ணில் படும். ஒன்று உங்கள் சர்வருடையது. மற்றொன்றை அனுப்பிய மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, ஸ்விட்சின் மேக் அட்டவணையில் தேடினால் போர்ட் எண் கிடைக்கும். அந்தக் கேபிளைப் பின்தொடர்ந்து போனால், யாரோ செல்போனுக்கு வை-ஃபை வேண்டும் என்று வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து லேன் போர்ட்டில் செருகியிருப்பார்கள். அதைக் கழற்றிய கையோடு ஸ்விட்சில், அனுமதியில்லாத போர்ட்டிலிருந்து வரும் ஆஃபரைத் தடுக்கும் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்கையும் இயக்கிவிட்டால் இன்னொருவர் செருகினாலும் தொல்லை இல்லை.

மற்றொன்று, ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில் ஈ.ஆர்.பி. மென்பொருள் நிற்பது. சர்வர் போர்ட்டின் பதிவில் ஒரு கோரிக்கையையும் அதன் பதிலையும் எடுத்து நேர இடைவெளியைப் பாருங்கள். கோரிக்கை கிடைத்ததற்கான ஒப்புகை ஒரு மில்லி விநாடிக்குள் வந்து, பதில் மட்டும் எட்டு விநாடி கழித்து வந்தால், கேபிளுக்கும் ஸ்விட்சுக்கும் வேலை இல்லை, டேட்டாபேஸ் யோசித்துக்கொண்டிருக்கிறது. ‘டிசிபி.அனலிசிஸ்.ஜீரோ_விண்டோ’ என்ற ஃபில்டரில் பாக்கெட்டுகள் சிக்கினால், அவற்றை அனுப்பிய கணினி, வந்ததை வாங்கவே நேரமில்லாமல் திணறுகிறது என்று பொருள். மறு அனுப்புதல் திரள் திரளாக இருந்தால்தான் நெட்வொர்க்கின் மேல் சந்தேகம் வர வேண்டும். மென்பொருள் நிறுவனம் நெட்வொர்க்கைக் குறை சொல்வதும் நெட்வொர்க்காரர் மென்பொருளைக் குறை சொல்வதும் தீராத வழக்கு. இந்த ஒரு இடைவெளியின் ஸ்கிரீன்ஷாட் அதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

வி-லேன் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை) எண் நகலில் தெரியவில்லையே?

கேட்டலிஸ்டில் இலக்கு வரியின் கடைசியில் ‘என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட்’ என்று சேர்த்தால் வி-லேன் எண்ணைத் தாங்கிய டேக் அப்படியே வரும். அதன் பிறகும் தெரியவில்லை என்றால் விண்டோஸ் கணினியின் நெட்வொர்க் கார்டு டிரைவர் டேக்கை உரித்துவிடுகிறது என்று கொள்ளலாம். லினக்ஸ் கணினியில் முயன்று பார்ப்பது சுலபம்.

அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு யூனிட் இரண்டின் ஸ்விட்சை மிர்ரர் செய்ய முடியுமா?

ஒரே வளாகத்துக்குள் என்றால் ஆர்-ஸ்பான் உதவும். இதற்கென்று தனி வி-லேன் ஒன்றை உருவாக்கி, அதில் ‘ரிமோட்-ஸ்பான்’ என்று குறித்து, இடையில் உள்ள எல்லா ஸ்விட்சின் டிரங்கிலும் (பல வி-லேன்களைச் சுமக்கும் இணைப்பிலும்) அதை அனுமதிக்க வேண்டும். அந்த வி-லேனில் வேறு எந்தக் கணினியும் இருக்கக் கூடாது. நகல் முழுவதும் அதே டிரங்கில்தான் ஓடும் என்பதால், ஏற்கெனவே நிரம்பி வழியும் இணைப்பைச் சோதிக்க இதைப் பயன்படுத்தினால் நோயைக் கூட்டுவதாகவே முடியும். ரவுட்டரைத் தாண்டி வேறு ஊருக்கு அனுப்ப இ.ஆர்.-ஸ்பான் என்ற முறை உண்டு. அது நகலை ஜி.ஆர்.இ. உறைக்குள் வைத்து அனுப்புகிறது, ஆனால் விலை உயர்ந்த ஸ்விட்சுகளில்தான் கிடைக்கும். அவினாசியில் உள்ள யூனிட்டுக்கு அலுவலகத்திலிருந்து இவ்வளவும் செய்வதைவிட, அங்கே ஒரு சிறு கணினியை வைத்துவிட்டுத் தொலைவிலிருந்து அதற்குள் நுழைவதே மேல்.

நூற்பாலையில் ஒரு இணைப்பு விட்டுவிட்டு அறுகிறது. மிர்ரரில் ஒன்றும் தெரியவில்லை, ஏன்?

பழுதடைந்த ஃபிரேமை ஸ்விட்ச் வாயிலிலேயே தூக்கி எறிந்துவிடுவதால் அதற்கு நகல் கிடையாது. ஆகவே கேபிள் பழுதை மிர்ரரிங்கில் தேடக் கூடாது. ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ தரும் பட்டியலில் சி.ஆர்.சி. என்ற பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் டிரைவின் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் போகும் கவசமில்லாத லேன் கேபிளை முதலில் சந்தேகப்படலாம். ஸ்விட்சின் விசிறியில் பஞ்சு அடைத்துச் சூடேறுவதும் ஆலைகளுக்கே உரிய தொல்லை. தூரம் 100 மீட்டரைத் தாண்டினால் காப்பர் கேபிளை மறந்துவிட்டு ஃபைபர் போடுங்கள்.

சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவி) செருகப்பட்ட ஸ்விட்சில் இதைச் செய்யலாமா?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் மாசு காரணமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட வரலாறு தெரிந்த யாரும் அங்கே ஓடுவதை நிறுத்திப் பார்க்கத் துணிய மாட்டார்கள். மிர்ரரிங் அசலைத் தொடுவதில்லை என்பதால் அத்தகைய இடத்துக்கு ஏற்றதுதான். பி.எல்.சி. தொடர்புகொள்ளும் முறை மோட்பஸ் என்றால் 502ஆம் டிசிபி போர்ட்டில் எந்தக் கணினி எழுதுகிறது, எது படிக்க மட்டும் செய்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். ஆபத்து கட்டளையைத் தட்டும் விரலில்தான் இருக்கிறது: பி.எல்.சி. செருகப்பட்ட போர்ட்டை இலக்கு என்று தவறி எழுதினால் அந்த நொடியே அதன் தொடர்பு அறுந்துவிடும். ஆளில்லாத போர்ட்டையே இலக்காகத் தேர்ந்து, பொறுப்பாளர் உடன் இருக்கும்போது செய்ய வேண்டும்.

ஊழியர்கள் வாட்ஸ்அப்பில் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க முடியுமா? அதற்கு அனுமதி உண்டா?

உள்ளடக்கத்தைப் பார்க்க முடியாது, அது மறையாக்கப்பட்டது. எந்த முகவரிக்கு எவ்வளவு போனது, பெரும்பாலும் எந்தத் தளத்தின் பெயர் என்பது வரை தெரியும். ஆனால் நிறுவனத்துக்குள் ஓடும் பழைய மென்பொருள்கள் பலவற்றில் கடவுச்சொல்லே வெட்டவெளிச்சமாக ஓடும். அது உங்கள் கோப்பில் பதிவாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, நெட்வொர்க்கின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பதைத் தவறாக்குகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆகவே எந்த போர்ட், எத்தனை நாள், எதற்காக என்று நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, சரி என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். வாய்மொழி அனுமதி சிக்கல் வரும்போது யாருக்கும் நினைவிருக்காது. ஆய்வு முடிந்ததும் கோப்புகளை அழித்துவிட வேண்டும். வெளியே அனுப்பியே ஆக வேண்டும் என்றால் தேவையான பாக்கெட்டுகளை மட்டும் தனியாகச் சேமித்து அனுப்பலாம்.

கரண்ட் போய் வந்த பிறகு மிர்ரர் காணாமல் போய்விட்டது. என்ன செய்வது?

சிஸ்கோவில் ‘காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்’ கொடுக்கவில்லை என்றால் எழுதியது மறைந்துவிடும். பிரவுசர் வழி ஸ்விட்சுகள் சிலவற்றிலும் அப்ளை என்பது வேறு, சேவ் என்பது வேறு. தற்காலிகச் சோதனைக்குச் சேமிக்காமல் விடுவதே ஒரு வசதி. ரீஸ்டார்ட் ஆனால் தானாகத் துப்புரவாகிவிடும். சுரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்காணிப்பு மென்பொருளுக்கு நிரந்தரமாக நகல் கொடுப்பதாக இருந்தால் மட்டும் சேமித்துவிட்டு, அந்த போர்ட்டின் டிஸ்கிரிப்ஷனிலும் காரணத்தை எழுதிவையுங்கள்.